அப்பா எங்கே இருக்கிறார், அக்கா?

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமம் எனக்கு. கல்யாணமான புதிதில் ஆண்டவரை ஏற்றுக்கொண்டு ஞானஸ்நானம் எடுத்தேன். பிறந்த வீட்டில் எல்லாரும் சைவர்கள். அப்பா விவசாயி. திருநீறு பூசி ஒரு தேவாரம் பாடாமல் வயலுக்குப் போகமாட்டார். நான் ஞானஸ்நானம் எடுத்தபோது அம்மா அழுதார், தம்பி ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. அப்பா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. நான் ஊருக்குப் போனால் ஞாயிற்றுக்கிழமை அவரே வண்டியில் கொண்டுபோய்ச் சபை வாசலில் இறக்கிவிட்டு, ஆராதனை முடியும்வரை எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருப்பார். போன வருஷம் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். கடைசி வாரத்தில் அவர் கையைப் பிடித்து ஜெபித்தேன். "உன் சாமிகிட்ட எனக்கும் சேர்த்துச் சொல்லும்மா" என்றார். அவ்வளவுதான்.

சென்ற மாதம் உபவாச ஜெபத்துக்கு வந்த வெளியூர் ஊழியர் ஒருவர், எல்லார் முன்னாலும், "உன் அப்பா இப்ப அக்கினிக்கடல்ல இருக்கார், அந்த இரத்தப்பழி உன் மேல" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து தூக்கமில்லை. தம்பியோ, "எல்லா ஆறும் கடலுக்குத்தான் போகுது, நீ மட்டும் ஏன் ஒரே வழின்னு நிக்கிற?" என்கிறான். அடுத்த மாதம் அப்பாவுக்குத் தலைத்திவசம். நான் போகலாமா? இயேசு ஒருவரே வழி என்றால் என் அப்பா எங்கே இருக்கிறார்?

(பெயர் வேண்டாம்)

பதில்: தங்கச்சி, முதலில் அந்த ஊழியர் சொன்னதை எடுத்துக்கொள்வோம். அதுதான் உங்கள் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது.

இரத்தப்பழி என்ற பேச்சை அவர் வேதாகமத்தில் எசேக்கியேல் 3-ம் அதிகாரத்திலிருந்து எடுத்திருக்கிறார். ஆண்டவர் அங்கே எசேக்கியேல் தீர்க்கதரிசியை இஸ்ரவேல் வீட்டாருக்குக் காவற்காரனாக வைக்கிறார். துன்மார்க்கன் ஒருவன் சாவுக்குப் போவதைப் பார்த்தும் எச்சரிக்காமல் இருந்தால் அவனுடைய இரத்தப்பழியை உன்னிடம் கேட்பேன் என்கிறார். எச்சரித்தும் அவன் கேட்காவிட்டால் நீ தப்புவாய் என்பதும் அடுத்த வசனத்திலேயே இருக்கிறது. நீங்கள் என்ன வாயை மூடிக்கொண்டா இருந்தீர்கள்? கிறிஸ்தவளாக அவர் கண்ணெதிரில் இத்தனை வருஷம் வாழ்ந்தீர்கள். கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் கையைப் பிடித்து இயேசுவின் பெயரில் ஜெபித்தீர்கள். அந்த வசனத்தில் உங்களைக் குற்றவாளியாக நிறுத்த இடமே இல்லை.

அடுத்தது அக்கினிக்கடல். வெளிப்படுத்தின விசேஷம் 20-ம் அதிகாரத்தை எடுத்துப் படியுங்கள். வெள்ளைச் சிங்காசனம் வருகிறது, மரித்தோர் சிறியோரும் பெரியோரும் அதன் முன் நிற்கிறார்கள், புஸ்தகங்கள் திறக்கப்படுகின்றன, நியாயத்தீர்ப்பு நடக்கிறது. அக்கினிக்கடல் அதற்குப் பிறகுதான். அந்த நாள் இன்னும் வரவில்லை. "உன் அப்பா இப்போது அங்கே இருக்கிறார்" என்று சொன்னவர், ஆண்டவர் சிங்காசனத்தில் உட்காரும் முன்பே தான் உட்கார்ந்து தீர்ப்பு எழுதிவிட்டார். அதைச் செய்யும் அதிகாரம் எந்த ஊழியருக்கும் இல்லை. துக்கத்தில் இருக்கிற ஒரு மகளைச் சபை நடுவில் நிறுத்தி அப்படிப் பேசியது பெரிய கொடுமை. இதை நான் மென்று விழுங்கப் போவதில்லை.

அதற்காக, உங்களுக்கு ஆறுதல் சொல்கிறேன் என்று இயேசு சொன்னதைக் குறைத்துச் சொல்லவும் எனக்கு மனம் வராது. "நானே வழியும் சத்தியமும் ஜீவனுமாயிருக்கிறேன், என்னாலேயல்லாமல் ஒருவனும் பிதாவினிடத்தில் வரான்." யோவான் 14:6. நான் இதை அப்படியே நம்புகிறேன். எருசலேமில் விசாரணைக்கு நின்ற அவருடைய சீஷர் பேதுருவும் அதையேதான் சொன்னார்: "அவராலேயன்றி வேறொருவராலும் இரட்சிப்பு இல்லை." இந்த இரண்டையும் எடுத்துவிட்டால் கிறிஸ்தவ விசுவாசம் என்று கையில் மிஞ்சுவது கொஞ்சம் நல்லொழுக்கம்தான். அதற்காக நீங்கள் அம்மாவை அழவைத்துப் பிறந்த வீட்டு வழியை விட்டு வந்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் இயேசு அந்த வார்த்தையை எப்போது, யாரிடம் சொன்னார் என்று பாருங்கள். மறுநாள் சிலுவை. இராப்போஜனம் முடிந்திருக்கிறது. பயந்துபோன சீஷர்களிடம், "உங்கள் இருதயம் கலங்காதிருப்பதாக" என்று ஆரம்பிக்கிறார். பிதாவின் வீட்டில் அநேக வாசஸ்தலங்கள் உண்டு, உங்களுக்கு இடம் ஆயத்தம்பண்ணப் போகிறேன் என்கிறார். தோமா, நீர் போகிற இடமே தெரியாது, வழி எப்படித் தெரியும் என்று கேட்கிறார். அதற்கு வந்த பதில்தான் இந்த வசனம். கலங்கினவர்களைத் தேற்றச் சொன்ன வார்த்தை அது. அதை எடுத்து ஒரு மகளைக் கலங்கடிக்கிறவர், இயேசு அதைச் சொன்ன காரியத்துக்கே எதிராக அதைப் பயன்படுத்துகிறார்.

ஏன் ஒரே வழி? இதற்குத் தம்பியிடம் பதில் சொல்ல உங்களுக்குக் கொஞ்சம் தெளிவு வேண்டும். மனுஷன் தன் புண்ணியத்தால், தவத்தால், நல்ல நடத்தையால் கடவுளிடம் ஏறிப் போகலாம் என்றால் பல வழிகள் இருப்பதில் ஆச்சரியம் இல்லை. அவரவர் பலத்துக்குத் தக்க வழி. கிறிஸ்தவம் சொல்வது வேறு. யாராலும் ஏறிப் போக முடியவில்லை, அதனால் கடவுளே மனுஷனாக இறங்கி வந்தார், நம் பாவத்தைச் சிலுவையில் சுமந்தார், மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார் என்கிறது. வந்தவர் ஒருவர் என்பதால்தான் வழியும் ஒன்று. எபேசியர் 2-ல் பவுல் இதைத்தான் எழுதுகிறார்: கிருபையினாலே இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, தேவனுடைய ஈவு, ஒருவரும் பெருமைபாராட்டக் கூடாது. "இயேசு ஒருவரே வழி" என்று சொல்கிற கிறிஸ்தவனுக்கு அடுத்த வீட்டுக்காரனைவிடத் தான் மேல் என்று நினைக்க ஒரு துளி இடமும் அந்த வாக்கியம் தரவில்லை. நம் சபை வழி இல்லை, ஞானஸ்நானச் சான்றிதழ் வழி இல்லை. அவர்தான் வழி.

அப்படியென்றால் அவர் பெயரை அறியாதவர்கள், அறிந்தும் நம்மைப் போல அறிக்கையிடாதவர்கள்? இங்கேதான் சபைகளுக்குள் கருத்து ஒன்றாக இல்லை. உயிரோடிருக்கும்போதே வாயினால் அறிக்கையிட்டு விசுவாசித்தவர்களுக்கு மட்டும்தான் இரட்சிப்பு என்று உறுதியாகச் சொல்கிற சபைகள் நம் பக்கத்தில் நிறைய. ரோமர் 10-ஐ ஆதாரமாகக் காட்டுவார்கள். அது சும்மா தள்ளிவிடக்கூடிய ஆதாரம் இல்லை. கத்தோலிக்கத் திருச்சபை 1964-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், தங்கள் குற்றமில்லாமல் நற்செய்தியை அறியாதிருந்து, நேர்மையான மனதோடு கடவுளைத் தேடி, மனச்சாட்சிப்படி நடப்பவர்களும் மீட்படைய முடியும் என்று எழுதிவைத்தது. அவர்களும் இயேசுவைப் பல வழிகளில் ஒன்று என்று சொல்லவில்லை. யார் மீட்கப்பட்டாலும் அவரால்தான் என்பதில் அவர்களுக்கும் சந்தேகம் கிடையாது.

என் மனம் எங்கே நிற்கிறது என்று கேட்டால், தம்பி சொன்ன ஆற்றை வைத்தே சொல்கிறேன். எல்லா ஆறும் கடலுக்குப் போகிறது என்பது சரி. டெல்டாக்காரர்களான நாம் ஆற்றை இன்னொரு பக்கமும் பார்த்துப் பழகினவர்கள்: தண்ணீர் எங்கிருந்து வருகிறது? குடமுருட்டி, அரசலாறு, வெண்ணாறு, வெட்டாறு என்று எத்தனை பெயர் இருந்தாலும் வருவது காவிரித் தண்ணீர். கடைமடையில் நாற்று விடுகிறவர் கல்லணையைக் கண்ணால் பார்த்திராமல் இருக்கலாம். அவர் வயலில் பாய்வதும் அந்தத் தண்ணீர்தான். யாராவது பிதாவிடம் சேர்ந்தால் அது கிறிஸ்துவின் கிருபையால்தான். அந்தக் கிருபை எந்த வாய்க்கால் வழியாக யார் வயலுக்கு எட்டியது என்று நமக்குக் கணக்குக் கொடுக்கப்படவில்லை. ஆபிரகாம் இயேசு என்ற பெயரைக் கேட்டதில்லை. எபிரெயர் 11-ம் அதிகாரம் அவரை விசுவாசிகளின் வரிசையில் வைக்கிறது, எரிகோ ஊரின் புறஜாதிப் பெண் ராகாபையும் கூடவே வைக்கிறது. கொர்நேலியு என்ற ரோம அதிகாரியின் வீட்டில் நின்றுகொண்டு பேதுரு, "தேவன் பட்சபாதமுள்ளவரல்ல" என்று தானே வியந்து சொல்கிறார். அதைச் சொன்ன கையோடு பேதுரு அங்கே இயேசுவைப் பிரசங்கித்தார் என்பதையும் மறக்க வேண்டாம். ஒன்று மற்றதை அடிப்பதில்லை.

இப்போது உங்கள் அப்பா சொன்னது. "உன் சாமிகிட்ட எனக்கும் சேர்த்துச் சொல்லும்மா." நீங்கள் "அவ்வளவுதான்" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது அவ்வளவுதான் என்று தோன்றவில்லை. சிலுவையில் இயேசுவுக்குப் பக்கத்தில் தொங்கிய கள்ளன், "ஆண்டவரே, நீர் உம்முடைய ராஜ்யத்தில் வரும்போது அடியேனை நினைத்தருளும்" என்றான். ஞானஸ்நானம் இல்லை, சபை இல்லை, உபதேசம் படிக்க நேரமும் இல்லை. "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்று பதில் கிடைத்தது. உங்கள் அப்பாவுக்கும் அப்படியே நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன். மகள் மனம் குளிரட்டும் என்று அவர் சொல்லியிருக்கலாம். உள்ளே வேறு ஏதோ அசைந்தும் சொல்லியிருக்கலாம். அதை அறிந்தவர் ஒருவர்தான். "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ" என்று சோதோமுக்காக ஆபிரகாம் கேட்டாரே, அந்தக் கேள்வியை ஆண்டவரிடமே கேளுங்கள். கோபமாகக் கேட்டாலும் பரவாயில்லை. நரகத்தில் இருக்கிறார் என்ற தீர்ப்பும் வேண்டாம், பரலோகத்தில் இருக்கிறார் என்ற சான்றிதழும் வேண்டாம். உங்கள் அப்பாவை, உங்களைவிட அவரை நன்றாக அறிந்தவர் கையில் விடுங்கள். அந்தக் கையில் ஆணித் தழும்பு இருக்கிறது.

"இன்னும் நன்றாகச் சொல்லியிருக்கலாமோ" என்ற எண்ணம் உங்களை அரிக்கும். அடுத்த முறை தஞ்சாவூர் போனால் பெரிய கோயிலுக்குப் பக்கத்தில், சிவகங்கைக் குளத்தை ஒட்டி இருக்கிற சுவார்ட்ஸ் ஐயர் கோயிலுக்கு, அதாவது அந்தச் சர்ச்சுக்கு, போய்வாருங்கள். ஜெர்மனியிலிருந்து 1750-ல் தரங்கம்பாடிக்கு வந்து, தஞ்சாவூரிலேயே 1798-ல் காலமான மிஷனெரி அவர். ராஜாவின் அதிகாரிகள் செய்த கொடுமை தாங்காமல் ஊரைவிட்டு ஓடிய குடியானவர்கள் ராஜா பேச்சை நம்பாமல், சுவார்ட்ஸ் ஐயர் வாக்குக் கொடுத்த பிறகுதான் ஆயிரக்கணக்கில் திரும்பி வந்து ஏர் பிடித்தார்கள். தஞ்சாவூரை ஆண்ட துளஜா ராஜா சாகும்போது, தான் தத்தெடுத்த சரபோஜியை அவர் பொறுப்பில்தான் விட்டார். ஐயர் இயேசுவை மறைத்துப் பேசினவர் இல்லை, அரண்மனையிலும் பிரசங்கித்தார். துளஜாவும் கிறிஸ்தவராகவில்லை, பிள்ளை மாதிரி வளர்ந்த சரபோஜியும் கடைசிவரை ஆகவில்லை. அதே சரபோஜி, லண்டன் சிற்பி ஃபிளாக்ஸ்மனிடம் சொல்லிச் செய்வித்த சலவைக்கல் சிற்பம் அந்தக் கோயிலில் இருக்கிறது: படுக்கையில் ஐயர், பக்கத்தில் நின்று அவர் கையைப் பிடித்திருக்கும் ராஜா. சொல்ல வேண்டியதைச் சொன்னார், அன்பு குறையாமல் கடைசிவரை கூட இருந்தார். பலனை வரவழைப்பது அவர் கையில் இல்லை. உங்கள் கையிலும் இல்லை.

சரி, திவசம். போங்கள். ஒரு நாள் முன்னதாகவே போங்கள். அம்மாவுக்கு இது முதல் வருஷம். வாழைக்காய் நறுக்க, பிரண்டைத் துவையல் அரைக்க, வருகிறவர்களுக்கு இலை போட ஆள் வேண்டும். பிண்டம் வைப்பதும் படையலுக்கு முன் விழுந்து கும்பிடுவதும் உங்கள் மனச்சாட்சிக்கு ஒத்துவராது, அதைச் செய்ய வேண்டாம். தம்பி செய்யும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு வாசலில் போய் உட்காரவும் வேண்டாம். சாப்பாட்டு விஷயத்தில் பவுல் 1 கொரிந்தியர் 10-ல் தெளிவாக எழுதியிருக்கிறார்: விருந்துக்கு அழைத்தால் போய், வைத்ததைக் கேள்வி கேட்காமல் சாப்பிடுங்கள், இது படைத்தது என்று ஒருவர் சொன்னால் விட்டுவிடுங்கள். திவசத்தில் படைத்தது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆகவே அம்மாவிடம் முன்கூட்டியே, "படைக்கிறதுக்கு முன்னாடி எனக்குக் கொஞ்சம் எடுத்து வச்சிரும்மா" என்று சொல்லிவிடுங்கள். எடுத்து வைப்பார். பந்தியில் எல்லாரோடும் உட்கார்ந்து அதைச் சாப்பிடுங்கள். நேரம் கிடைத்தால், அப்பாவை உங்களுக்குத் தந்ததற்காக, டீக்கடை வாசலில் அவர் காத்திருந்த ஞாயிற்றுக்கிழமைகளுக்காக, ஆண்டவருக்கு நன்றி சொல்லி அம்மா பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக ஜெபியுங்கள். அம்மா காதில் விழுந்தால் நல்லதுதான்.

தம்பியிடம் அன்றைக்கு வாதம் வேண்டாம். அவனாகக் கேட்டால் சொல்லுங்கள். நம்பிக்கையைப் பற்றிக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்லுங்கள் என்கிறார் பேதுரு. சாந்தம் இல்லாமல் சொன்னால் பாதிதான் கீழ்ப்படிந்தது.

உங்கள் சபைப் போதகரைப் பார்த்து, அந்த ஊழியர் பேசியதை அப்படியே சொல்லுங்கள். தயங்க வேண்டாம். நாளைக்கு இன்னொரு மகளிடமும் அவர் அதையே பேசக்கூடும். அப்புறம் தூக்கம். ஒரு மாதமாகத் தூங்கவில்லை என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டிய விஷயம் அது. ஜெபித்துக்கொண்டே போய்ப் பாருங்கள். மருந்து கொடுத்தால் சாப்பிடுங்கள். யாராவது அதை விசுவாசக் குறைவு என்று சொன்னால், சொல்லிவிட்டுப் போகட்டும். திவசம் முடிந்து வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.