எடை மெஷின் மேல் ஏறும்போது

வணக்கம் அக்கா,

எனக்கு 42 வயது. திருநெல்வேலியில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறேன். போன மாதம் எங்கள் கிளையில் மருத்துவ முகாம் வைத்தார்கள். உயரம் 154 செ.மீ., எடை 62 கிலோ, பிஎம்ஐ 26.1 என்று எழுதி, பக்கத்தில் 'ஓவர்வெயிட்' என்று சிவப்பு மையில் வட்டம் போட்டுக் கொடுத்தார்கள். நெட்டில் தேடினால் இன்னொரு இடத்தில் இதே எண்ணுக்கு 'ஒபீஸ்', அதாவது உடல் பருமன், என்று இருக்கிறது. கல்லூரி முடிக்கும்போது நான் 45 கிலோதான் அக்கா. முகாமில் விரலில் குத்திப் பார்த்த சுகர் நார்மல். ரிப்போர்ட்டை வீட்டில் யாரிடமும் காட்டவில்லை.

யூடியூபில் ஒருவர், பிஎம்ஐ என்பது ஐரோப்பாவில் ஒரு வானியல்காரர் போட்ட கணக்கு, அவர் டாக்டரே கிடையாது, நமக்கு அது பொருந்தாது, தூக்கிப் போடுங்கள் என்கிறார். கேட்க ஆறுதலாக இருந்தது. ஆனால் மறுநாள் காலையில் ஜாக்கெட் கொக்கி போடும்போது அந்த ஆறுதல் போய்விட்டது. யோசித்துப் பார்த்தால் எல்லாம் என் சோம்பேறித்தனம்தான். இந்த உடம்பை இப்படியே ஏற்றுக்கொள்வதா, குறைக்கப் போராடுவதா? தைராய்டாக இருக்குமோ? மாவுச்சத்தை ஒதுக்குகிற கீட்டோ டயட் நல்லதா? கொள்ளு ரசம் குடித்தால் இளைக்குமா?

எம்., திருநெல்வேலி

*

அன்புள்ள எம்.,

உங்கள் கடிதம் வந்த சமயத்தில் நான் என் அத்தையைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். அத்தையிடம் அப்புறம் வருகிறேன். முதலில் அந்த யூடியூப்காரரை ஒரு வழி பண்ணிவிடலாம்.

அவர் சொன்ன வரலாறு சரிதான். அடோல்ஃப் கெட்லே, 1796-ல் இன்றைய பெல்ஜியத்தின் கென்ட் நகரில் பிறந்தவர். கணிதமும் வானியலும் படித்தவர். 'சராசரி மனிதன்' எப்படி இருப்பான் என்று எண்களுக்குள் தேடியவர். வளர்ந்தவர்களின் எடை உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது என்று 1830-களில் எழுதினார். யார் குண்டு, யாருக்கு என்ன நோய் வரும் என்பதெல்லாம் அவர் கவலையே இல்லை. கிலோவில் எடையை மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கிற அந்தக் கணக்குக்கு 'பாடி மாஸ் இன்டெக்ஸ்', அதாவது பிஎம்ஐ, என்று பெயர் வைத்தவர் அமெரிக்க உடலியல் ஆய்வாளர் ஆன்சல் கீஸ். 1972-ல், ஐந்து நாடுகளைச் சேர்ந்த ஏழாயிரத்துச் சொச்சம் ஆண்களை வைத்து. ஆம், ஆண்களை மட்டும். தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, அந்தக் கொழுப்பு தொடையில் இருக்கிறதா வயிற்றில் இருக்கிறதா என்று அந்தக் கணக்குக்குத் தெரியாது. 'ஓவர்வெயிட்' எங்கே தொடங்குகிறது என்ற கோடும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. அமெரிக்காவில் ஆண்களுக்கு 27.8, பெண்களுக்கு 27.3 என்று இருந்ததை 1998-ல் இருவருக்கும் 25 என்று ஆக்கினார்கள். அதுவரை சாதாரண எடை என்றிருந்த கோடிக்கணக்கானவர்கள் அன்றிலிருந்து 'ஓவர்வெயிட்'.

ஆக, அது நமக்குப் பொருந்தாது என்பது உண்மை. ஆனால் எந்தப் பக்கமாகப் பொருந்தாது? அதை அவரும் சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை. எனக்குக் கோபம் வருவது இங்கேதான். வங்கியில் வேலை பார்க்கிறீர்கள். கணக்கில் தப்பு இருக்கிறது என்று ஒருவர் வந்து சொன்னால், எவ்வளவு தப்பு, வரவிலா செலவிலா என்று பார்க்காமல் லெட்ஜரைத் தூக்கிப் போடுவீர்களா?

2004-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஒரு புகைப்படம் வந்தது. இரண்டு டாக்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாக்னிக், லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. அதாவது இருவரும் 'நார்மல்'. ஆனால் உடம்பின் கொழுப்பை அளந்து பார்த்தபோது யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2. ஒரே எண், இரண்டு உடம்பு. நம் ஊர் உடம்புக்குத் தசை குறைவு, கொழுப்பு அதிகம், அதிலும் வயிற்றுப் பக்கம் அதிகம். அதே 2004-ல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ஆசிய மக்களுக்கு 23-லேயே கவனம் வேண்டும் என்றது. 2009-ல் இந்திய டாக்டர்கள் கூடிப் பேசி 23-லிருந்து அதிக எடை, 25-லிருந்து ஒபீஸ் என்று வகுத்தார்கள். உங்களுக்கு இரண்டு இடத்தில் இரண்டு பதில் கிடைத்தது இதனால்தான். முகாமில் உலகப் பொதுக் கணக்கைப் போட்டிருக்கிறார்கள், நீங்கள் நெட்டில் பார்த்தது இந்தியக் கணக்கு. ஐரோப்பியக் கணக்கு நம்மிடம் கறாராக இல்லை, இளகிப்போய்த்தான் இருந்திருக்கிறது. அந்த வீடியோவைப் பார்த்து யாராவது நிம்மதியாகத் தூங்கினால் அது ஆபத்தான தூக்கம்.

சரி, சோம்பேறித்தனத்துக்கு வருவோம்.

தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு என்று ஒன்று எடுக்கிறார்கள். 2015-16-ல் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 30.9 சதவீதம் பேருக்கு பிஎம்ஐ 25 அல்லது அதற்கு மேல். 2019-21-ல் அது 40.4. இந்த நாலைந்து வருட இடைவெளியில் தமிழ்நாட்டுப் பெண்களில் பத்தில் ஒருவர் புதிதாகச் சோம்பேறி ஆகிவிட்டாரா? காலை ஐந்து மணிக்கு எழுந்து, இரண்டு வேளைச் சமையலை முடித்து, டிபன் பாக்ஸ் கட்டி, பஸ் பிடித்து, கவுண்டரில் எட்டு மணி நேரம் உட்கார்ந்து, திரும்பி வந்து மறுபடி அடுப்பைப் பற்றவைக்கிற ஒருத்தி தன்னைச் சோம்பேறி என்று எழுதுகிறாள். அதைப் படித்தபோது எனக்கு மனசு பிசைந்தது, கையில் கிடைத்தால் இரண்டு அடி வைக்கலாம் போலவும் இருந்தது.

இப்போது அத்தை.

என் அப்பாவின் அக்கா, கோவில்பட்டியில் இருந்தார். நல்ல பருமன். காதுவலிக்காக அவரோடு ஒரு கிளினிக்குக்குப் போயிருந்தேன். அங்கே டாக்டரைப் பார்க்கும் முன்னால் எல்லோருக்கும் எடை பார்ப்பார்கள். மெஷின் நடைபாதையில் இருக்கும், சுற்றிலும் பெஞ்சு போட்டு ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். அத்தை ஒயர்கூடையை என்னிடம் கொடுத்தார். செருப்பைக் கழற்றினார். கொண்டைக்குள் செருகியிருந்த சாவிக்கொத்தை எடுத்தார். அப்புறம் கொஞ்சம் யோசித்து, இறுகிப்போயிருந்த வளையலைக்கூட முறுக்கி முறுக்கிக் கழற்றி என் கையில் வைத்தார். மெஷின் மேல் ஏறி நின்று, கீழே பார்க்காமல் எதிர்ச்சுவர் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நர்ஸ் முள்ளைப் பார்த்து, சீட்டு எழுதுகிற பெண்ணுக்குக் கேட்கட்டும் என்று அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு "தொண்ணூத்தி நாலு!" என்று கத்தினார். பெஞ்சில் இருந்த ஆண்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். உள்ளே போனால் டாக்டர் காதைப் பார்ப்பதற்கு முன்னால், "வெயிட்டைக் குறைங்கம்மா, வாயைக் கட்டுங்க" என்றார். வந்தது காதுக்கு.

முழங்கால் வலிக்குப் போனாலும் அதுதான், காய்ச்சலுக்குப் போனாலும் அதுதான். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரி, "மதினி, உங்களுக்கு ஜாங்கிரி வேண்டாம்ல?" என்று தானே முடிவு செய்து பரிமாறுபவரை அனுப்பிவிடுவார். அத்தை ஒரு கிலோகூட இளைக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போவதை மட்டும் நிறுத்திக்கொண்டார். காலில் புண் வந்து ஆறாமல் இருந்ததை வெள்ளைத்துணி கட்டி, சேலையை இறக்கிக் கட்டி மறைத்தே வைத்திருந்தார். நாற்றம் வந்த பிறகுதான் வீட்டில் தெரிந்தது. அன்றைக்கு எடுத்த இரத்தப் பரிசோதனையில்தான் அவருக்குச் சர்க்கரை இருப்பதே தெரிந்தது. இரண்டு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. சீக்கிரம் வந்திருந்தால் விரல் தப்பியிருக்கும் என்று அங்கிருந்த சர்ஜன் சொன்னார். ஏன் வரவில்லை என்று அவர் கேட்கவில்லை.

நான் திரும்பத் திரும்ப இதையே சொல்வேன், சலிப்பாக இருந்தாலும் கேளுங்கள். வெட்கப்படுத்தினால் யாரும் இளைப்பதில்லை. வெட்கம் ஆளை ஒளிய வைக்கும், அவ்வளவுதான். ஒளிகிறவளுக்குச் சோதனை கிடையாது, மருந்து கிடையாது, ஒரு நல்ல டாக்டர் அகப்படுகிற வாய்ப்பும் கிடையாது. உருவம் பெருத்தவர்களை வெட்கப்படுத்துவதை நம் ஊரில் அக்கறை என்று நினைக்கிறார்கள். "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்று தொடங்குகிற எந்த மாமியும் எந்தச் சித்தியும் யாருக்கும் ஒரு கிலோ குறைத்துக் கொடுத்ததில்லை. அதே வீட்டில் என் சித்தப்பா, வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு ஒல்லி, நாற்பது வயதுக்குள் சர்க்கரை வந்தது. அவரிடம் யாரும் வாயைக் கட்டு என்று சொல்லவில்லை, பாவம் என்றார்கள். ஒரே நோய். ஒருவருக்குப் பரிதாபம், இன்னொருவருக்கு வசவு.

இப்போது நீங்கள் ரிப்போர்ட்டை மறைத்து வைத்திருக்கிறீர்கள். என் அத்தை துணி கட்டி மறைத்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குச் சொல்லுங்கள். 26.1 என்பது நீங்கள் செய்த குற்றத்துக்குத் தீர்ப்பு இல்லை. இன்னும் இரண்டு மூன்று சோதனை செய்து பார் என்று சொல்கிற எண் அது. முகாமில் விரலில் குத்திப் பார்த்தது போதாது. வெறும் வயிற்றில் ஒன்று, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை ஒன்று, கூடவே கொலஸ்ட்ரால், பிரஷர். அப்புறம் தையல் டேப். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில் சுற்றி, மூச்சைச் சாதாரணமாக விட்டு, வயிற்றை எக்காமல் அளக்க வேண்டும். பாவாடை நாடா கட்டுகிற இடத்தில் அளந்து ஏமாந்துவிடாதீர்கள். இந்தியப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90, அதற்குள் இருந்தால் நல்லது. உங்கள் கணவருக்கும் அளந்து பாருங்கள். அவர் பிஎம்ஐ என்ன என்று உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை.

ஏற்றுக்கொள்வதா, போராடுவதா என்று கேட்டீர்கள். அந்த 45 கிலோவை ஏதோ பொற்காலம் மாதிரி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் உயரத்துக்கு அது பிஎம்ஐ 19. 18.5-க்குக் கீழே போனால் எடை போதாது என்ற வகைக்குள் விழுந்திருப்பீர்கள். இரண்டு கிலோ குறைந்திருந்தால் அங்கேதான். அந்தப் பெண் திரும்பி வரமாட்டாள், வரவும் வேண்டாம்.

சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரனின் குழு செய்த ஓர் ஆய்வு 2006-ல் வெளியானது. சர்க்கரை நோயின் வாசற்படியில் நின்றவர்களை எடுத்துக்கொண்டார்கள். அவர்களின் சராசரி பிஎம்ஐ 25.8, ஏறக்குறைய நீங்கள்தான். மூன்று வருடத்தில், பொதுவான அறிவுரை மட்டும் கேட்டுப் போனவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வந்துவிட்டது. உணவையும் நடையையும் தொடர்ந்து கவனித்துக் கொண்டவர்களில் 39.3 சதவீதம். இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், அவர்களுடைய எடை அப்படியொன்றும் குறைந்துவிடவில்லை. மெஷினில் முள் நகரவில்லை, நோய் தள்ளிப்போனது. முள் நகரவில்லையே என்று பதினைந்தாம் நாள் நடையை நிறுத்துகிற ஒவ்வொருவரிடமும் நான் இதைச் சொல்வேன்.

தினம் அரை மணி நடை. அந்த அரை மணி எங்கிருந்து வரும் என்பதுதான் உங்கள் வீட்டில் நடக்க வேண்டிய பேச்சு, அதற்குத்தான் ரிப்போர்ட்டைக் காட்டச் சொல்கிறேன். யாராவது ஒருவர் காலையில் தேங்காய் துருவட்டும், பிள்ளைகளின் தண்ணீர் பாட்டிலை நிரப்பட்டும். இன்னொன்று, இதை நீங்கள் எழுதவில்லை, ஆனால் எழுதாமலே தெரியும். பிள்ளைகள் தட்டில் மீந்ததை, குண்டானின் அடியில் ஒட்டியிருக்கும் இரண்டு கரண்டிச் சோற்றை, வீணாகிவிடும் என்று நின்றுகொண்டே வாயில் போட்டுக்கொள்கிறீர்கள். அது எந்தக் கணக்கிலும் வராத ஒரு வேளைச் சாப்பாடு. நம் வீடுகளில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு, ஒன்பதரை மணிக்கு மேல், காய் தீர்ந்துபோய், குழம்பும் சோறுமாகச் சாப்பிடுகிறவள்தான் கடைசியில் வாயைக் கட்டவில்லை என்று திட்டும் வாங்குகிறாள். முதல் பந்தியில் உட்காருங்கள். தட்டில் பாதிக்குக் காய் போட்டுக்கொள்ளுங்கள், பருப்போ முட்டையோ மீனோ ஒன்று இருக்கட்டும், சோறு மிச்சமிருக்கும் இடத்துக்கு. மீந்தால் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் எல்லோருக்கும் பழையது.

எடையை ஊரறியக் கத்துகிற கிளினிக் என்றால் வேறு கிளினிக்குக்குப் போங்கள். போகாமல் இருந்துவிடாதீர்கள்.

தைராய்டு சோதனையை அந்த இரத்தப் பரிசோதனையோடு சேர்த்தே எடுத்துவிடுங்கள், அதற்கு மேல் அதைப் பற்றி யோசிக்க ஒன்றுமில்லை. கீட்டோ வேண்டாம், ஆறு மாதத்தில் விட்டுவிடுவீர்கள். கொள்ளு ரசம் வையுங்கள், பூண்டு தட்டிப் போட்டால் நன்றாக இருக்கும். அதைக் குடித்து யாரும் இளைத்ததில்லை.

அன்புடன்,
அக்கா