ஃப்ரீமேசன்கள் சாத்தானை வழிபடுபவர்களா?

ஃப்ரீமேசன் என்ற சகோதர அமைப்பின் வரலாறு என்ன, அவர்கள் சாத்தானை வழிபடுவதாகச் சொல்லப்படுவது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மையில்லை. லியோ தக்சில் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் 1885 முதல் பன்னிரண்டு ஆண்டுகள், ஃப்ரீமேசன்களின் லாட்ஜுகளில், அதாவது அவர்கள் கூடும் கிளைச் சங்கங்களில், பேய் வழிபாடு நடப்பதாக எழுதிக் குவித்துவிட்டு, 1897 ஏப்ரல் 19 அன்று பாரிஸில் கூட்டம் கூட்டி, எல்லாமே தம் கற்பனை என்று தாமே அறிவித்தார். ஆயினும் அவர் கட்டிய கதைகள் இன்றும் காணொளிகளாக உலவுவது வருத்தத்துக்குரியது.

ஃப்ரீமேசன்களின் தொடக்கம் கல்தச்சர்களிடம் இருக்கிறது. ஸ்காட்லாந்து அரசரின் கட்டடப் பணித் தலைவரான வில்லியம் ஷா 1598இல் லாட்ஜுகளுக்கு விதிகள் வகுத்தார். எடின்பரோ லாட்ஜின் நடவடிக்கைக் குறிப்புகள் 1599 முதல் கிடைக்கின்றன. வேலை தேடி ஊர்விட்டு ஊர் சென்ற கல்தச்சர் தம்மை இன்னாரென்று காட்டிக்கொள்ள ஓர் இரகசியச் சொல் இருந்தது. காலப்போக்கில் உளியைத் தொடாத கனவான்களும் சேர்ந்தனர். ஆங்கிலேய அறிஞர் எலியாஸ் ஆஷ்மோல் 1646இல் தாம் சேர்ந்ததைத் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். 1717இல் லண்டன் மதுவிடுதி ஒன்றில் நான்கு லாட்ஜுகள் கூடி, லாட்ஜுகளுக்கெல்லாம் தலைமை அமைப்பாக முதல் கிராண்ட் லாட்ஜை அமைத்தன என்பது அவர்கள் போற்றும் மரபு. அது 1721 என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. ஜேம்ஸ் ஆண்டர்சன் தொகுத்த விதிநூல் 1723இல் அச்சாகி வெளிவந்தது.

இங்கிலாந்து மரபில், ஒரு பரம்பொருளை நம்புபவரே சேரலாம். அப்பரம்பொருளை அவர்கள் பிரபஞ்சத்தின் மாபெரும் சிற்பி என்று அழைக்கிறார்கள். லாட்ஜுக்குள் மதத்தையும் அரசியலையும் வாதிடக் கூடாது. பிரான்ஸின் மேசன் தலைமை அமைப்பான கிராண்ட் ஓரியண்ட் 1877இல் இறைநம்பிக்கை நிபந்தனையை நீக்கியபோது லண்டன் கிராண்ட் லாட்ஜ் அதனுடனான உறவைத் துண்டித்தது.

இந்த மரபின் முதல் சடங்கில் என்னை மிகவும் ஈர்த்த பகுதி ஒன்று உண்டு. புதியவர் காசு, மோதிரம் உள்ளிட்ட உலோகப் பொருள்களைக் களைந்து, கண் கட்டப்பட்டு, கழுத்தில் கயிற்றுச் சுருக்குடன், இடது மார்பும் இடது முழங்காலும் தெரிய உள்ளே அழைத்துவரப்படுகிறார். பின்னர் அவரிடம் தருமத்துக்கு ஏதேனும் தருமாறு கேட்கிறார்கள். தருவதற்கு ஒன்றுமில்லை என்று அவர் சொல்ல நேர்கிறது. அந்த நிலையை மறவாமல் இல்லாதவருக்கு உதவ வேண்டும் என்று அப்போது அவருக்கு உணர்த்தப்படுகிறது.

இவர்கள்மேல் வைக்க வேண்டிய உண்மையான குற்றச்சாட்டு, தாங்கள் போற்றிய சகோதரத்துவத்தையே மீறினார்கள் என்பதுதான். 1775இல் பாஸ்டனில் இராணுவ லாட்ஜ் ஒன்றின் வழியாகச் சேர்ந்த கறுப்பினத்தவரான பிரின்ஸ் ஹால், 1784இல் தனி லாட்ஜ் நடத்த லண்டனிலிருந்து அனுமதிப் பத்திரமே பெற்றார். ஆனாலும் அவர் வழிவந்த லாட்ஜுகளை அமெரிக்க வெள்ளையர் லாட்ஜுகள் ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் அங்கீகரிக்க மறுத்தன. ஆர்க்காட்டு நவாபின் மகன் உம்தத்-உல்-உமராவைப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே திருச்சியில் சேர்த்துக்கொண்ட இதே அமைப்பு, கல்கத்தாவில் பிரசன்ன குமார் தத்தருக்கு, பல தெய்வங்களை வணங்கும் இந்துவின் உறுதிமொழி செல்லுமா என்று கேட்டு, 1872 வரை இடம் தர மறுத்தது. பெண்களை இங்கிலாந்தின் ஐக்கிய கிராண்ட் லாட்ஜ் இன்றும் சேர்ப்பதில்லை; அவர்கள் தங்களுக்கெனத் தனி அமைப்புகளை நடத்திவருகிறார்கள்.