குடும்பத்துக்கு எக்ஸ்யூவி 700 வாங்கலாமா, போர்ஷ் 911 வாங்கலாமா?

காசைப் பற்றிக் கவலையில்லை என்று வைத்துக்கொண்டால் இந்த இரண்டில் எது, என்று கேட்டிருக்கிறீர்கள். என்னிடம் இருப்பது 2022-ல் வாங்கிய டீசல் எக்ஸ்யூவி, மஹிந்திராவின் ஏழு சீட் வண்டி. 911 ஸ்போர்ட்ஸ் கார் என் மச்சானுடையது, அவன் சென்னையில் இருக்கிறான். போன மாசிக் களரிக்கு, அதாவது குலசாமி கோயில் திருவிழாவுக்கு, அதை மதுரை வரை ஓட்டியே வந்துவிட்டான். இரண்டையும் ஒரே ரோட்டில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

எங்கள் குலசாமி கோயில் உசிலம்பட்டிப் பக்கம். என் வண்டியில் ஏழு பேர். மூன்றாவது வரிசையில் ஆள் உட்கார்ந்தால் டிக்கி சுருங்கிவிடும். பொங்கல் பானையும் அரிசிப் பையும்தான் அதில் போயின. அண்டா, விறகு எல்லாம் குட்டியானையில் வந்தன. 911-ல் மச்சானும் தங்கச்சியும் மட்டும். பின்னால் சீட் என்று இரண்டு உண்டு, பள்ளிக்கூடப் பையை உட்கார வைக்கலாம். இன்ஜின் பின்னால் இருப்பதால் டிக்கி முன்னால், 132 லிட்டர். மாலையும் தேங்காய்ப் பழத் தட்டும் வைத்தார்கள்.

செக்கானூரணி தாண்டும் வரை சுகம். கோயிலுக்குத் திரும்பும் சின்ன ரோட்டில்தான் வந்தது வேகத்தடை. விதிப்படி அது 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம், ஆமை முதுகு மாதிரி இருக்கணும். இது வரப்பு மாதிரி நின்றது. 911-ல் மூக்கை மட்டும் 4 சென்டிமீட்டர் தூக்குகிற வசதி ஆப்ஷனாக உண்டு. மச்சான் அதை எடுக்கவில்லை. தங்கச்சியை இறக்கிவிட்டு, வண்டியைக் கோணலாக ஒடித்து, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றினான். இரண்டு பேர் முழங்காலில் குனிந்து, “வரட்டும், வரட்டும்... நில்லு நில்லு” என்றார்கள். அப்படியும் அடியில் ‘கர்ர்ர்’ என்று ஓர் இழுவை. அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பின்னாலேயே நான் இரண்டாவது கியரில் ஏறிப் போனேன், பொடியன் தூக்கம்கூடக் கலையவில்லை.

அதற்காக 911-ஐ வீண் என்று சொல்ல மாட்டேன். மறுநாள் விடியற்காலை சாவியை என்னிடம் கொடுத்தான். திண்டுக்கல் வரை நாலுவழிச் சாலை. 385 குதிரைத்திறன், நின்ற இடத்திலிருந்து 100 தொட நாலு விநாடி சொச்சம். நாலுவழிச் சாலையில் காருக்குச் சட்டம் விட்டிருக்கும் உச்சமும் அதே 100தான். கோடியில் வாங்கிய வேகம் நாலு விநாடியில் தீர்ந்துபோகிறது!

அப்புறம் சிறுமலை ஏறினோம், 18 கொண்டை ஊசி வளைவுகள். என்னை மயக்கியது அங்கேதான். வண்டியின் உயரமே 1.3 மீட்டர், எக்ஸ்யூவி ஒன்றே முக்கால். ஆறு சிலிண்டர் இன்ஜின் படுத்தவாக்கில் பின் சக்கரங்களை அழுத்திக்கொண்டு கிடக்கிறது. வளைவில் வண்டி சாய்வதே தெரியவில்லை, 40-ல் போகும்போதே சிரிப்பு வந்துவிட்டது. இதே வளைவுகளில் என் வண்டியில் வந்தால் மூன்றாவது வரிசைக்காரர்கள் கைப்பிடியைத் தேடுவார்கள், ஒருவராவது எலுமிச்சம்பழம் கேட்பார்.

காசு கவலையில்லை என்றாலும் ஒரு கணக்கு. 911 இரண்டு கோடியை ஒட்டி வரும். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேல் போகும் காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம், அதாவது 40 லட்சம். அந்த வரிக் காசில் என் வண்டியை வாங்கி, மிச்சத்தில் ஊருக்கே கிடா வெட்டலாம். வீட்டுக்கு ஒரே வண்டி என்றால் யோசிக்காமல் எக்ஸ்யூவி எடுங்கள். அது ஏற்கெனவே வாசலில் நிற்கிறது, காசும் இருக்கிறது என்றால் 911 எடுங்கள். ஆனால் அந்த மூக்குத் தூக்கும் ஆப்ஷனை விட்டுவிடாதீர்கள்.

கோயிலில் கிளம்பும்போது நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் அப்பத்தா என் வண்டியில் ஏற முக்காலி போடணும், அதற்காகவே ஒன்றை டிக்கியில் வைத்திருக்கிறேன். “எங்க வண்டியில வாங்க அப்பத்தா” என்று மச்சான் கூப்பிட்டான். 911-ல் சிரமமில்லாமல் உட்கார்ந்துவிட்டார். வெற்றிலைப் பையை மறந்துவிட்டேன் என்று எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. இரண்டு பேர் கை கொடுத்து வெளியே எடுத்தோம்.

“ஒண்ணு பரணு, ஒண்ணு பள்ளம்” என்று சேலையை உதறிவிட்டு, குட்டியானை டிரைவர் பக்கத்தில் ஏறி ஊருக்குப் போய்விட்டார்.