நடுத்தண்ணீரில் நிறுத்துங்கள்

அன்புள்ள ஐயா,

கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் முதல் வகுப்பு எடுக்கிறேன். குரங்கும் முதலையும் கதை சொன்னால் பிள்ளைகள் கண் இமைக்காமல் கேட்கிறார்கள். "குரங்கு எந்த மரத்தில் இருந்தது?" என்றால் "நாவல் மரம்" என்று ஒரே குரலில் பதில் வருகிறது. "ஏன்?" என்று கேட்டால் வகுப்பே அமைதி. புரிந்துதான் கேட்கிறார்களா?

ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

'நாவல் மரம்' என்று சொல்லக் கதை புரிந்திருக்க வேண்டியதில்லை. முன்வரிசைப் பிள்ளை சொன்னதும் மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். 'ஏன்' அப்படியல்ல. ஆறு வயதுப் பிள்ளைக்குக் காரணம் புரிந்திருக்கும், எடுத்துச் சொல்ல வார்த்தை வராது.

பஞ்சதந்திரத்தின் நான்காம் தந்திரமே இந்தக் கதையில்தான் தொடங்குகிறது. அதன் உயிர் ஒரே இடத்தில் இருக்கிறது. நடுத்தண்ணீரில், முதுகில் இருக்கும் குரங்கிடம் முதலை உண்மையைச் சொல்லிவிடுகிறது. அங்கே நிறுத்துங்கள். "குரங்கு இப்போ என்ன செய்யும்?" என்று கேளுங்கள். அழும், குதிக்கும், கடிக்கும் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். எதுவும் தப்பில்லை. யார் எதுவரை கேட்டிருக்கிறார்கள் என்பது அந்தப் பதில்களிலேயே தெரிந்துவிடும். ஆனால் இது கதையை முதல்முறை சொல்லும்போதுதான் பலிக்கும். படத்தையும் முன்னால் காட்டாதீர்கள், காட்டினால் கண்ணால் பதில் சொல்வார்கள்.

அப்புறம், "குரங்கு சொன்னது பொய் என்று முதலைக்குத் தெரியுமா?" என்று கேளுங்கள். நமக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பதே நாலைந்து வயதில்தான் பிள்ளைகளுக்குப் பிடிபடத் தொடங்குகிறது. இந்தக் கதை முழுக்க அதன்மேல்தான் நிற்கிறது.

'இதயம்' என்ற சொல் எல்லோருக்கும் தெரியுமா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். அது உடம்புக்குள் இருப்பது, கழற்றி வைக்க முடியாதது என்று தெரியாத பிள்ளைக்கு, "மரத்திலேயே வைத்துவிட்டேன்" என்பதில் தந்திரமே இல்லை. என் அப்பத்தா 'ஈரல்' என்றுதான் சொல்வார். கறிக்கடையில் நாங்கள் பார்த்திருந்த பொருள்.

அவரிடம் கதை கேட்க உம் கொட்ட வேண்டும். சந்தேகம் வந்தால் நடுவில், "அப்ப முதலை மரத்தில ஏறிப் பழம் பறிச்சுச்சாம்" என்பார். அதற்கும் "உம்" வந்தால் கதை அன்றைக்கு அவ்வளவுதான். மறுநாள் கதையைத் திரும்பச் சொல்லும்போது நீங்களும் இப்படி இரண்டு இடத்தில் மாற்றிச் சொல்லிப் பாருங்கள். பாதி வகுப்பு கத்தும். கடைசி வரிசையில் வாயே திறக்காத பிள்ளை சிரித்தால், அந்தப் பிள்ளைக்கும் புரிந்திருக்கிறது.

நடுத்தண்ணீரில் நிறுத்தியபோது என்ன சொன்னார்கள் என்று அவசியம் எழுதுங்கள்.