பிரின்டர் ஏன் அடிக்கடி காணாமல் போகிறது? ரவுட்டர் கேள்வி-பதில்

கேள்வி: என் வைஃபை பிரின்டர் அடிக்கடி 'ஆஃப்லைன்' என்று காட்டுகிறது. ரவுட்டரை அணைத்துப் போட்டால் சில சமயம் சரியாகிறது, சில சமயம் இல்லை. பிரின்டரை மாற்றிவிடலாமா?

பதில்: பொறுங்கள், பிரின்டர் மேல் பெரும்பாலும் குற்றமிருக்காது. வீட்டில் உள்ள கருவிகளுக்கு ரவுட்டர்தான் ஐபி முகவரி (வலையமைப்பில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் எண்) கொடுக்கிறது. இந்த வேலைக்குப் பெயர் டிஎச்சிபி. முகவரியை அது சொந்தமாகத் தருவதில்லை, வாடகைக்குத்தான் விடுகிறது. பல ரவுட்டர்களில் கெடு 24 மணி நேரம். ஓடிக்கொண்டே இருக்கும் கருவி, பாதிக் கெடுவிலேயே புதுப்பித்துக்கொள்ளும். பிரின்டரையோ நாம் நாள்கணக்கில் அணைத்து வைக்கிறோம். அதற்குள் அதன் 192.168.1.5 யாரோ ஒருவர் போனுக்குப் போய்விடக்கூடும். திரும்ப உயிர்பெறும் பிரின்டர் வேறு எண் வாங்கிக்கொள்ள, கணினி பழைய எண்ணின் கதவையே தட்டிக்கொண்டிருக்கும்.

பிரவுசரில் திறக்கும் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில், லான் (வீட்டின் உள் வலையமைப்பு) அல்லது டிஎச்சிபி பகுதிக்குப் போய் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' எங்கே என்று தேடுங்கள். இணைந்துள்ள கருவிகளின் பட்டியலில் பிரின்டரின் மேக் முகவரி (கருவியோடு வரும் அடையாள எண்) இருக்கும். அதற்கு ஓர் எண்ணை ஒதுக்கிச் சேமியுங்கள். அப்புறம் அந்த எண்ணைக் கொண்டே பிரின்டரைக் கணினியில் மறுபடி சேருங்கள். பிரின்டரின் மெனுவிலேயே நிலையான எண் எழுதுகிறவர்களும் உண்டு. எனக்கு அது பிடிக்காது. ஆறு மாதம் கழித்து எதை எங்கே எழுதினோம் என்று நமக்கே மறந்துபோகும்.

கேள்வி: உள்ளறையில் சிக்னல் இல்லை. பழைய ரவுட்டர் ஒன்று சும்மா கிடக்கிறது. கேபிள் போட்டு அதை இணைக்கலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் ஒரு வீட்டில் முகவரி கொடுக்க ஒரு ஆள்தான் இருக்க வேண்டும். இது தெரிந்திருந்தும் நானே ஒரு முறை அவசரத்தில் இரண்டு ரவுட்டரிலும் டிஎச்சிபியை விட்டுவைத்தேன். பாதிக் கருவிகளில் இணையம் வந்தது, மீதியில் வரவில்லை. ஒரு மாலைப்பொழுதே போயிற்று.

பழைய ரவுட்டரில் 'ஆக்சஸ் பாயின்ட் மோட்' (முகவரி கொடுக்காமல் வைஃபையை மட்டும் பரப்பும் முறை) இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். இல்லாவிட்டால், முதலில் கணினியை அதனுடன் மட்டும் கேபிளில் இணைத்து, அதன் லான் முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள் (பிரதான ரவுட்டர் 192.168.1.1 என்று வைத்துக்கொண்டால்). சேமித்ததும் பக்கம் உறைந்து நிற்கும். பயப்படாதீர்கள், புது முகவரியில் திறங்கள். டிஎச்சிபியை கடைசியாகத்தான் நிறுத்த வேண்டும். முதலிலேயே நிறுத்தினால், கணினிக்கு எண் கிடைக்காமல் உள்ளே நுழைவதே சிரமமாகிவிடும். பிறகு இரண்டையும் லான் துளையிலிருந்து லான் துளைக்கு இணையுங்கள். பழைய ரவுட்டரின் வான் துளையை (வெளி இணையத்துக்கான துளை) தொடவே வேண்டாம். பிரதான ரவுட்டர் 192.168.1.100-லிருந்து எண் கொடுக்கும்படி வைத்துவிட்டால் 192.168.1.2 யாருக்கும் போகாது.

கேள்வி: லேப்டாப்பில் 169.254 என்று தொடங்கும் முகவரி தெரிகிறது. இணையம் இல்லை.

பதில்: டிஎச்சிபியிடமிருந்து பதில் வராததால் லேப்டாப் தானே சூட்டிக்கொண்ட எண் அது. கேபிளையும் ரவுட்டரின் டிஎச்சிபியையும் பாருங்கள்.

கேள்வி: எல்லோர் வீட்டிலும் 192.168 தானே? பாதுகாப்புக்காக மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். உள் வலையமைப்புகளுக்கென்றே ஒதுக்கிய எண்கள் அவை. வெளி இணையத்தில் செல்லாது. அலுவலக விபிஎன்னோ (அலுவலக வலையமைப்புக்குள் நுழையும் பாதுகாப்பான இணைப்பு) ரவுட்டருக்கு மேலே உள்ள மோடமோ அதே எண்வரிசையில் இருந்து முட்டிக்கொண்டால் மட்டும் 192.168.50.1 போல மாற்றுங்கள். உள் வலையமைப்பின் அளவைக் குறிக்கும் சப்நெட் மாஸ்க் 255.255.255.0 அப்படியே இருக்கட்டும். அதிலேயே 254 முகவரி கிடைக்கும்.

கேள்வி: போனிலிருந்து டிவிக்குப் படம் அனுப்ப முடியவில்லை. இரண்டிலும் இணையம் நன்றாகவே ஓடுகிறது.

பதில்: இரண்டில் ஒன்று 'கெஸ்ட்' (விருந்தினருக்கான) வைஃபையில் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் உள்ள கருவிகள் மற்றவற்றைப் பார்க்க முடியாதபடி ரவுட்டர் வழக்கமாகத் தடுத்துவைக்கும். இரண்டையும் முதன்மை வைஃபைக்கு மாற்றுங்கள். அப்போதும் வரவில்லையென்றால், ஒரே வைஃபையில் உள்ள கருவிகளையும் ஒன்றையொன்று பார்க்கவிடாத 'ஏபி ஐசொலேஷன்' என்ற தேர்வில் டிக் இருக்கிறதா பார்த்து எடுத்துவிடுங்கள்.