திடலில் உடையும் மண்குடமும் பொன்குடமும்

வாசகர் கேள்வி – பதில்

நம் மலேசியத் தோட்டங்களுக்கிடையிலான ஹாக்கி ஆட்டங்களைப் பற்றிச் சென்ற மாதம் இப்பகுதியில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை முரட்டு ஆட்டத்தைப் பற்றியே பேசுவதால், இம்மாதம் அவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, தீபாவளிக்கு முந்திய வாரம் எங்கள் தோட்டமும் பக்கத்துத் தோட்டமும் ஆடிய ஆட்டத்தில், எங்கள் தற்காப்பு ஆட்டக்காரர் எதிரணித் தம்பியின் இடப்பக்கமிருந்து மட்டையை நீட்டிப் பந்தைப் பறித்தார். அந்தத் தம்பி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டார். அது சுத்தமான ஆட்டம் என்று இன்றும் சொல்வேன். பக்கத்துத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போன என் தங்கையோ, காலைத்தான் அடித்தார் என்று சத்தியம் செய்கிறாள். அவள் பொய் சொல்கிறாளா?
*ஓய்வுபெற்ற ஆசிரியை, சுங்கை சிப்புட்*

பதில்: உங்கள் தங்கை பொய் சொல்லவில்லை, அம்மா, நீங்களும் சொல்லவில்லை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்னும் பழமொழியைக் கேட்கும்போது, மாமியார் தெரிந்தே நியாயத்தை வளைக்கிறார் என்று நாம் பொருள் கொள்கிறோம். திடலோரத்தில் நிற்பவரின் நிலை அதுவன்று. உடைந்த குடம் அவர் கண்ணுக்கே மண்ணாகவோ பொன்னாகவோதான் தெரிகிறது.

இதைப் பற்றி ஒரு பழைய ஆய்வு உண்டு. 1951 நவம்பரில் அமெரிக்காவில் பிரின்ஸ்டன், டார்ட்மவுத் ஆகிய உயர்கல்விக்கூடங்களின் அணிகள் அமெரிக்கக் கால்பந்தில் மோதின. பிரின்ஸ்டனின் நட்சத்திர ஆட்டக்காரர் டிக் காஸ்மையர் மூக்குடைந்து வெளியேறினார். பின்னர் டார்ட்மவுத் ஆட்டக்காரர் ஒருவருக்குக் கால் முறிந்தது. ஹாஸ்டார்ஃப், கான்ட்ரில் என்னும் இரு ஆய்வாளர்கள் அந்த ஆட்டத்தின் படச்சுருளை இரு தரப்பு மாணவர்களுக்கும் போட்டுக்காட்டி, விதிமீறல்களை எண்ணச் சொல்லி, முடிவை 1954இல் வெளியிட்டார்கள். டார்ட்மவுத் அணி செய்த மீறல்களை அதன் சொந்த மாணவர்கள் எண்ணியபோது சராசரி 4.3 வந்தது, பிரின்ஸ்டன் மாணவர்கள் எண்ணியபோது அதே படத்தில் 9.8 வந்தது. பிரின்ஸ்டன் அணியின் மீறல்களிலோ இரு தரப்பும் ஏறக்குறைய ஒத்துப்போனார்கள், 4.4, 4.2 என்பவையே அந்த எண்கள். இந்த ஆய்வைச் சொல்பவர்கள் பலரும் முன்னதைச் சொல்லிப் பின்னதை விட்டுவிடுகிறார்கள். எனக்குப் பின்னதுதான் முக்கியமாகப்படுகிறது. பற்று எல்லாருடைய கண்ணையும் ஒரே அளவில் திருப்பிவிடுவதில்லை. தம் நட்சத்திரம் இரத்தத்தோடு வெளியேறியதைக் கண்டவர்களே இரண்டு மடங்குக்கு மேல் எண்ணினார்கள்.

உங்கள் ஆட்டத்தில் விழுந்தது உங்கள் தங்கையின் ஊர்ப் பிள்ளை. உங்கள் தங்கை அந்தப் பிள்ளையின் முழங்காலைப் பார்த்தார். நீங்கள் உங்கள் ஆட்டக்காரரின் மட்டை பந்தை நோக்கிப் போனதைப் பார்த்தீர்கள். நம் ஆளிடம் நாம் நோக்கத்தைப் பார்க்கிறோம், எதிராளியிடம் விளைவைப் பார்க்கிறோம். இதில் நிற்கும் இடத்துக்கும் பங்கு உண்டு. நம் பக்கத்துத் திடல்களில் ஒரு தோட்டத்தார் பள்ளிக்கூட வேலியோரமும் இன்னொரு தோட்டத்தார் சாலையோரமும் நிற்பது வழக்கம். ஹாக்கியில் மட்டையின் உருண்ட பின்புறத்தால் பந்தை ஆடக் கூடாது; அதன் தட்டையான முகம் ஆட்டக்காரருக்கு இடப்பக்கம் இருப்பதால், பந்தை அவர் தம் வலப்பக்கத்தில்தான் கொண்டுபோவார். ஆகவே இடப்பக்கமிருந்து பறிக்க வருபவரின் மட்டை அவருடைய கால்களுக்குக் குறுக்கேதான் போயாக வேண்டும். முதலில் தொட்டது பந்தையா காலையா என்பது ஓர் ஓரத்திலிருந்து தெரியும், மறு ஓரத்திலிருந்து தெரியவே தெரியாது. மேடு பள்ளமான புல்தரையில் பந்து துள்ளினால் நடுவருக்கே தெரியாது.

எது உண்மை என்று கேட்பீர்கள். பந்தைத் தொட்டிருந்தாலும், அதற்கு முன்போ அந்த முயற்சியிலோ ஆளை இடித்திருந்தால் அது தவறுதான் என்று விதி சொல்கிறது. இவ்விதியை இருபது ஆண்டுகள் ஊதலோடு கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தவன் நான். அப்படியிருந்தும் என் அக்காள் மகன் ஆடிய முதல் ஆட்டத்தில், நானாக இருந்தால் தயங்காமல் ஊதியிருக்கும் ஒரு தவற்றுக்கு ஊதிய இளம் நடுவரைப் பார்த்து, “கண் தெரியவில்லையா?” என்று கத்தினேன். பக்கத்தில் நின்ற என் மனைவி ஒன்றும் பேசாமல் குடையை என் முகத்துக்கு நேரே சாய்த்துக்கொண்டார்.

கேள்வி: நான் தோட்டத்தில் வளர்ந்து இப்போது ஈப்போவில் தொழிற்சாலை வேலையில் இருக்கிறேன். வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியைக் காலையில் கைப்பேசியில் பார்ப்பேன். அங்கே ரசிகர்கள் தங்கள் அணியின் அடிதடியைக் கொண்டாடுகிறார்கள், அதையே மற்ற அணி செய்தால் காட்டுமிராண்டித்தனம் என்கிறார்கள். நம் ஹாக்கியில் இவ்வளவு இல்லையே, ஏன்?
*24 வயது வாசகர், ஈப்போ*

பதில்: முதல் காரணம் விதியில் இருக்கிறது, தம்பி. நம் ஹாக்கியில் உடலால் இடித்தாலே தவறு. பச்சை அட்டைக்கு 2 நிமிடம், மஞ்சளுக்குக் குறைந்தது 5 நிமிடம் வெளியே உட்கார வேண்டும், சிவப்பு காட்டினால் அன்றைய ஆட்டம் முடிந்தது. ஐஸ் ஹாக்கியிலோ பந்துக்கு நிகரான வட்டை வைத்திருப்பவரைத் தோளால் இடித்துத் தள்ளுவது ஆட்டத்தின் முறையான பகுதி. வட அமெரிக்காவின் என்.எச்.எல். (தேசிய ஹாக்கி லீக்) போட்டிகளில் கைகலப்பில் இறங்கியவர்கூட வழக்கமாக 5 நிமிடத் தண்டனைக்குப் பிறகு திரும்பி வந்து ஆடலாம். முறையான இடிக்கும் முறைகேடான இடிக்கும் நடுவே உள்ள கோடு அங்கே மிக மெல்லியது. கோடு மெலிந்த இடத்தில் பற்றுக்கு வேலை அதிகம்.

ரசிகர்கள் கதையை எங்கே தொடங்குகிறார்கள் என்பது அடுத்த காரணம். 2004 பிப்ரவரி 16 அன்று கொலராடோ அணியின் ஸ்டீவ் மூர், வான்கூவர் அணித்தலைவர் மார்கஸ் நாஸ்லுண்டை இடித்ததில் அவருக்குத் தலையில் அடிபட்டது. நடுவர்கள் தண்டிக்கவில்லை, பிறகு லீக்கும் தண்டிக்கவில்லை. மார்ச் 8 அன்று வான்கூவரில் இரு அணிகளும் மீண்டும் சந்தித்தன. முதல் பகுதியிலேயே மூர் ஒரு வான்கூவர் ஆட்டக்காரரோடு கைகலந்து, அவர்களுடைய வழக்கப்படி கணக்கைத் தீர்த்துக்கொண்டார். ஆயினும் மூன்றாம் பகுதியில் டாட் பெர்ட்டூசி பின்னாலிருந்து மூரின் சட்டையைப் பிடித்துத் தலையில் குத்தி, அவரோடு சேர்ந்து பனித்தரையில் விழுந்தார். மூருக்குக் கழுத்தெலும்பில் மூன்று முறிவுகள். அவர் அதன்பின் என்.எச்.எல்.லில் ஆடவே இல்லை. பெர்ட்டூசி நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

வான்கூவர் பற்றுள்ளவருக்கு இக்கதை பிப்ரவரி 16இல் தொடங்குகிறது. கொலராடோ பற்றுள்ளவருக்கு மார்ச் 8இல் தொடங்குகிறது. நிகழ்ச்சிகளில் இருவருக்கும் சண்டையே இல்லாமல் இருக்கலாம்; தொடக்கத்தை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் தீர்ப்பே மாறிவிடுகிறது. நம் ஊர்க் காப்பிக்கடையில் “அவன்தான் முதலில் இடித்தான்” என்று எந்தக் கதை தொடங்கினாலும், அதற்கு முந்திய இடி ஒன்று எதிர் மேசையில் காத்திருக்கும்.

ஏழாண்டு கழித்து அதே மார்ச் 8 அன்று, 2011இல், பாஸ்டன் அணியின் ஸ்டேனோ சாரா மாண்ட்ரியாலின் மாக்ஸ் பாச்சியரெட்டியை இடித்தபோது அவர் தலை இருக்கைக்கருகே உள்ள தூணில் மோதிக் கழுத்தெலும்பு உடைந்தது. லீக் சாராவை இடைநிறுத்தம் செய்யவில்லை. மாண்ட்ரியாலில் மக்கள் காவல் துறையின் அவசர எண்ணுக்கே அழைத்து முறையிட்டார்கள். அதே இடியை அவர்கள் அணி பாஸ்டனில் இடித்திருந்தால் அந்தத் தொலைபேசிகள் ஒலித்திருக்குமா என்பதற்கு நீங்களே விடை எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ரசிகர்களை விடுங்கள். நடுவருக்காவது நேர்க்கண் இருக்கிறதா?
*வாசகர், கோலக் கங்சார்*

பதில்: பற்று இல்லாத நடுவரும் சத்தத்துக்குச் செவிடர் அல்லர். 2002இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தகுதி பெற்ற 40 நடுவர்களுக்கு லிவர்பூல், லெஸ்டர் அணிகளின் கால்பந்தாட்டப் பதிவு காட்டப்பட்டது. ஒரு பிரிவினர் கூட்டத்தின் ஆரவாரத்தோடு பார்த்தார்கள், மற்றவர்கள் ஒலியில்லாமல் பார்த்தார்கள். ஆரவாரம் கேட்டவர்கள் உள்ளூர் அணிக்கு எதிராக 15.5 விழுக்காடு குறைவான தவறுகளையே கொடுத்தார்கள்.

சட்டை நிறத்துக்கும் பங்கு உண்டு என்றால் சிரிப்பீர்கள். பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸ் என்னும் ஐஸ் ஹாக்கி அணி 1980 ஜனவரியில், பருவத்தின் நடுவிலேயே, நீலச் சட்டையை விட்டுக் கறுப்புக்கு மாறியது. ஆட்டத்துக்குச் சராசரி 8 நிமிடமாக இருந்த தண்டனை, கறுப்பு உடுத்திய பிறகு 12 ஆனது. கறுப்பு உடுத்தியவர்கள் முரடாக ஆடவும் தொடங்குகிறார்கள், பார்ப்பவர்களும் அவர்களை முரடர்களாகக் காண்கிறார்கள் என்று 1988இல் இதை ஆராய்ந்தவர்கள் முடிவு செய்தார்கள். எங்கள் வட்டாரத்தில் கறுப்புச் சட்டையில் ஆடும் ஓர் அணிக்கு நான் எத்தனை முறை ஊதியிருப்பேன் என்று இப்போது யோசித்துப் பார்ப்பதில் பயனில்லை.

கேள்வி: 2023இல் சென்னையில் நடந்த ஆசிய வெற்றியாளர் கிண்ண இறுதியாட்டத்தை வீட்டில் பார்த்தோம். நான் மலேசியாவுக்கு, தாத்தா இந்தியாவுக்கு. இந்தியாவுக்குப் பெனால்ட்டி ஸ்ட்ரோக் (கோல்காவலரை மட்டும் எதிர்கொண்டு அடிக்கும் தண்டனை அடி) கிடைத்ததும் வீடே இரண்டாகிவிட்டது. அதைக் கொடுத்தது நியாயம்தான் என்கிறார் தாத்தா. அவர் சொல்வது சரியா?
*கல்லூரி மாணவி, சுங்கை சிப்புட்*

பதில்: அந்த ஆட்டத்தில் நாம் இடைவேளையில் 3-1 என முன்னணியில் இருந்து, 3-4 எனத் தோற்றோம். முன்னணியில் இருந்து தோற்றவரின் நினைவில் ஊதல் மிகவும் பெரிதாக ஒலிக்கும் என்பதை முதலில் கணக்கில் வையுங்கள். இந்தியாவின் ஹர்மன்பிரீத் அடித்த அந்த ஸ்ட்ரோக்கைத் தாத்தாவோடு சேர்ந்து மீண்டும் ஒருமுறை, இம்முறை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

உங்கள் தாத்தாவின் தலைமுறையை நான் அறிவேன். 1975இல் கோலாலம்பூரில் உலகக் கிண்ணம் நடந்தபோது, என். ஸ்ரீ சண்முகநாதன் தலைமையிலான நம் அணி அரையிறுதியில் இந்தியாவிடம் 2-3 என்ற கணக்கில் வீழ்ந்து நான்காம் இடம் பெற்றது. எங்கள் லயத்தில் ஒரே வானொலிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் சிலர் பிறந்த நாட்டுக்காகவும் சிலர் பிழைக்க வந்த நாட்டுக்காகவும், சிலர் இரண்டுக்குமாகவும் வேண்டிக்கொண்டார்கள். இந்த மூன்றாம் வகையினரைப் பிற்காலத்தில் தொலைக்காட்சி முன்னால் கவனித்திருக்கிறேன். இரண்டு அணியிலும் பிள்ளை வைத்திருப்பவர்களைப் போல, எந்தப் பக்கம் விழுந்தாலும் பதறுவார்கள். எந்தப் பக்கம் இடித்தாலும் திட்டுவார்கள். உண்மையான நடுநிலையை நான் கண்டது அவர்களிடம்தான். அது பற்றில்லாமையால் வந்ததன்று, இரட்டைப் பற்றால் வந்தது. உங்கள் தாத்தா அந்த வகையினரா என்று எனக்குத் தெரியவில்லை. இந்திய ஆட்டக்காரர் மஞ்சள் அட்டை வாங்கும்போது அவர் முகத்தைப் பாருங்கள்.

கேள்வி: என் மகள் தமிழ்ப்பள்ளி அணியில் ஆடுகிறாள். “போடு, விடாதே, இடி!” என்று பெற்றோர்களே கத்துகிறார்கள். சனிக்கிழமை மீண்டும் ஆட்டம். என்ன செய்வது?
*ஒரு தாய், பீடோர்*

பதில்: கத்துபவர்களிடம் அறிவுரை எடுபடாது, அம்மா, எனக்கே எடுபடவில்லை. பயிற்றுநரிடம் பேசி, முதல் பாதியில் இரு பள்ளிப் பெற்றோரையும் ஒரே ஓரத்தில் கலந்து நிற்கச் சொல்லுங்கள். பக்கத்தில் நிற்கும் பெண்ணின் மகள்தான் அந்த ஏழாம் எண் சட்டை என்று தெரிந்த பிறகு, “இடி” என்று கத்துவதற்கு வாய் அவ்வளவு எளிதில் வராது. நெகிழிப் புட்டியில் தண்ணீரும் கொஞ்சம் முறுக்கும் கொண்டுபோங்கள். அந்தப் பக்கத்தாருக்கும் சேர்த்துக் கொண்டுபோங்கள்.