கைராசியும் இன்ஹேலரும்

கேள்வி: எனக்கு வயது 58. முட்டி வலிக்கு எங்கள் ஊர் டாக்டர் கொடுத்த மாத்திரையில் நல்ல குணம் தெரிந்தது. கைராசிக்காரர். அட்டையைப் பார்த்த என் மகன், 'இது வெறும் பி காம்ப்ளெக்ஸ், எல்லாம் உன் மனசு' என்று சிரிக்கிறான். அப்போ என் வலி பொய்யா? மனசுக்கு அவ்வளவு சக்தி இருந்தால் ஆஸ்துமா இன்ஹேலரையும் நிறுத்திவிடலாமா?
- ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: பொய்யே இல்லை. அதை முதலில் மகனிடம் சொல்லுங்கள். 1978-ல் சான்பிரான்சிஸ்கோவில், பல் பிடுங்கியவர்களிடம் ஒரு சோதனை நடந்தது. மருந்தே இல்லாத டம்மியிலேயே சிலருக்கு வலி குறைந்தது. அவர்களுக்கு நாலாக்சோன் கொடுத்தார்கள். மார்ஃபின் என்ற கடும் வலிக்கான மருந்தின் வேலையைத் தடுக்கிற மருந்து அது. வலி மறுபடி ஏறிவிட்டது. அப்படியென்றால், வலியைக் குறைத்தது மூளை தானே சுரந்த மார்ஃபின் மாதிரியான ஒரு பொருள்தான். உங்கள் டாக்டரின் கைராசியில் அவர் உட்காரவைத்து ஆறுதலாகப் பேசியதும் சேர்த்திதான். (என்னிடமும் 'ஊசி கிடையாதா டாக்டர்?' என்று முகம் வாடுகிறவர்கள் உண்டு.)

ஆனால் இன்ஹேலரில் கை வைக்காதீர்கள். 2011-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஆஸ்துமாக்காரர்களுக்கு, மூச்சுக்குழாயை விரிக்கிற சால்பூட்டமால் மருந்து உள்ள இன்ஹேலர், டம்மி இன்ஹேலர், போலி அக்குபங்சர் என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். ஒரு முறை எதுவுமே கொடுக்காமல் சும்மா உட்காரவைத்தார்கள். 'எப்படி இருக்கிறது?' என்று கேட்டால், கொடுத்த மூன்றுக்கும் ஏறக்குறைய ஒரே பதில்: பாதிக்குப் பாதி தேவலை. ஊதவைத்து அளந்தபோதோ, சால்பூட்டமாலில் மூச்சின் அளவு 20 சதவீதம் கூடியிருந்தது. மற்றவற்றில் 7 சதவீதம்தான், சும்மா உட்கார்ந்திருந்ததையும் சேர்த்து! ஆளுக்குத் தேவலை என்று தோன்றுகிறது, மூச்சுக்குழாய் சுருங்கியபடியே கிடக்கிறது. எனக்குப் பயமே இங்கேதான். இளைப்பு குறைந்துவிட்டதாக நினைத்து வீட்டிலேயே இருந்துவிட்டால், ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நேரம் தப்பிவிடும்.

முட்டிக்கு அதே டாக்டரிடம் போங்கள், தப்பில்லை. தேய்மானம் இருந்தால் பி காம்ப்ளெக்ஸ் அதைச் சரிசெய்யாது. வலி குறைந்திருக்கும்போதே தொடைத் தசைக்கான பயிற்சியைக் கேட்டு ஆரம்பித்துவிடுங்கள். அப்புறம், மருந்துக்கடையில் பீக் ஃப்ளோ மீட்டர் என்று, மூச்சை எவ்வளவு வேகமாக ஊதுகிறீர்கள் என்று அளக்கும் கருவி ஒன்று கிடைக்கும். காலையிலும் மாலையிலும் ஊதி, அது காட்டும் எண்ணைக் குறித்து, அடுத்த முறை ஆஸ்துமா டாக்டரிடம் காட்டுங்கள்.